கொடிமலையிலிருந்து தோபாவுக்கு: ஒரு மலைநடை நாட்குறிப்பு

14 ஜூன் 2025, சனி. பினாங்கு

அடுத்த மாதம் சுமாத்திராவின் தோபா ஏரிக்குச் செல்லவிருப்பதால், எங்கள் குழு இன்று பயிற்சிக்காகக் கொடிமலையில் ஏறியது. தாவரவியல் பூங்காவின் வாயிலருகே தொடங்கும் ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் ஏறக்குறைய எழுநூறு மீட்டர் உயர்ந்துவிடுகிறது. தார்ப்பாதைதானே என்று அலட்சியமாக வருகிறவர்களின் மூச்சை அதன் வளைவுகள் வாங்கிவிடும். பினாங்கு மலையேறிகள் ‘எண்பத்து நான்கு’ என்று சொல்லும் தேநீர் நிறுத்தத்தில் சற்று அமர்ந்தோம். குழுவில் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘சார்’. எழுபதை நெருங்கும் வயதிலும் எங்களுக்கு முன்னால்தான் நடந்தார். “தம்பி, ஏறும்போது மூச்சு பேசும், இறங்கும்போது முட்டி பேசும். இரண்டையும் கேட்டுப் பழகு” என்றார். உச்சியிலுள்ள அருளொளி திருமுருகன் ஆலயத்தில் கும்பிட்ட பிறகு, மலை ரயிலில் இறங்க ஆசைப்பட்டவர்களைத் தடுத்து, எல்லோரையும் நடத்தியே கீழே அழைத்து வந்தார்.

28 ஜூன், சனி. பினாங்கு

ஆயர் ஈத்தாம் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்தோம். 1962இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த நீர்நிலையை ஒரு மணி நேரத்துக்குள் வலம் வந்துவிடலாம். தோபாவோ நூறு கிலோமீட்டர் நீளமும் முப்பது கிலோமீட்டர் அகலமும் கொண்டது; அதன் நீர்மட்டமே கடலுக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆழம் 500 மீட்டரைத் தொடுகிறது. நடந்தபடியே சார் அதன் பிறப்பைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கு நிகழ்ந்த வெடிப்பில் 2,800 கன கிலோமீட்டர் அளவுக்குப் பாறைக்குழம்பு வெளியேறியது. அடியிலிருந்த குழம்பறை காலியானதும் மேலிருந்த நிலம் அப்படியே உள்ளே அமிழ்ந்தது. அந்தப் பள்ளத்தில் தேங்கியதுதான் ஏரி. ஆகவே அங்கு நாம் ஏறப்போகும் ‘மலைகள்’ பலவும் உயர்ந்து எழுந்தவை அல்ல, நடுநிலம் அமிழ்ந்தபோது விளிம்பாக நின்றுவிட்டவை என்றார். இதைக் கேட்ட பிறகு வழித்திட்டத்தை மாற்றினோம். கரையோர விடுதியில் தங்கிப் படகுச் சவாரி செய்துவிட்டு வருவதைக் கைவிட்டு, ஏரியின் நடுவிலுள்ள சமோசிர் தீவைக் குறுக்காக நடந்து கடப்பது என்று முடிவு செய்தோம்.

10 ஜூலை, வியாழன். மெடான், பராபாட்

பினாங்கிலிருந்து மெடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருப்பதால், புறப்பட்ட நேரத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. கம்போங் மதராஸ் வட்டாரத்தில், 1884இல் எழுந்த மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். மெடானைச் சுற்றியுள்ள டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் பினாங்கு வழியாகவே கொண்டுவரப்பட்டார்கள் என்பதை எண்ணும்போது இந்த ஊர் அயலூராகத் தெரியவில்லை. அதற்கும் எத்தனையோ தலைமுறைகளுக்கு முன், இதே தீவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸில், திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088இல் தமிழில் கல்வெட்டு நாட்டியிருக்கிறார்கள். சார் அதைப் பற்றி வேனில் பேசத் தொடங்கி, பராபாட் வரும்வரை நிறுத்தவில்லை. ஏரியின் முதல் காட்சி மலைச்சாலையின் ஒரு திருப்பத்தில் கிடைத்தது; எதிர்க்கரை மலை போலத் தெரிந்ததெல்லாம் சமோசிர் தீவு.

11 ஜூலை, வெள்ளி. துக்துக்

படகில் தீவுக்கு வந்தோம். துக்துக்கில் விடுதிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. நடப்பவர்களுக்கு இங்கு வேலையில்லை. படகில் உயிர்காப்புச் சட்டை அணியச் சிலர் சலித்துக்கொண்டபோது, 2018 ஜூன் 18 அன்று இதே ஏரியில் சிமானிண்டோவிலிருந்து திகாராசுக்குச் சென்ற சினார் பாங்குன் என்னும் படகு மூழ்கியதை நினைவூட்டினேன். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்த அந்தப் படகோடு காணாமற்போனவர்கள் நூற்றறுபதுக்கும் மேல். 450 மீட்டர் ஆழத்திலிருந்து அவர்களை மேலே கொண்டுவர இயலவில்லை. அதன்பின் யாரும் முணுமுணுக்கவில்லை.

12 ஜூலை, சனி. அம்பரித்தா, சமோசிர் மேட்டுநிலம்

விடியலில் அம்பரித்தாவிலிருந்து ஏறத் தொடங்கினோம். வழிகாட்டியாக வந்த உள்ளூர் இளைஞரிடம் மலாயில் பேசினோம். அவருடைய இந்தோனேசிய மொழிக்கும் நம் பேச்சு மலாய்க்கும் இடையில் ஒரு தடையும் இல்லை. நெல்வயல்களுக்கு நடுவே, வீட்டைவிட அழகாகக் கட்டப்பட்ட கல்லறைகளைக் கடந்து, பைன் மரங்கள் நிற்கும் செங்குத்துச் சரிவுக்குள் நுழைந்தோம். பாதை பல இடங்களில் மழைநீர் அரித்த வாய்க்கால்தான். ஏரிமட்டத்திலிருந்து மேட்டின் விளிம்பு வரையிலான ஏற்றம் கொடிமலையின் எழுநூறு மீட்டருக்கு ஏறக்குறையச் சமம் என்பதை ஏறியபோதுதான் உணர்ந்தோம். ஆனால் கொடிமலையில் உள்ள நிழலும் கைப்பிடிக் கம்பியும் இங்கு இல்லை. காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் தோலைச் சுட்டது. கொண்டு வந்த தண்ணீரில் பாதி பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. இனி இங்கு வருகிறவர்கள் ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

விளிம்பைத் தொட்ட பிறகுதான் இந்த நடையின் பயன் புரிந்தது. கிழக்கே சுவர் போல இறங்கும் இந்தத் தீவு, மேற்கே சாய்வுப் பலகையாக மெல்லத் தாழ்ந்து செல்கிறது. வெடிப்புக்குப் பின் அடியில் மீண்டும் குழம்பு திரண்டு அழுத்தியதால், ஏரியின் தரையே ஒருபுறமாகத் தூக்கப்பட்டுச் சமோசிராக வெளிவந்தது. பாதையோர வெட்டுமண்ணில், ஏடுகளாகப் படிந்த வெளிறிய களிமண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தோம். அது ஏரிக்கடியில் படிந்த வண்டல். இந்த மேட்டின் உச்சி ஏறக்குறைய 33,000 ஆண்டுகளுக்கு முன் தண்ணீருக்குள் இருந்தது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். நாங்கள் மூச்சு வாங்க ஏறி நின்றது ஓர் ஏரியின் அடித்தரையில். என் அத்தை மகள் அந்தக் களிமண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு, “மீன் வாடை ஏதும் இல்லையே” என்றாள்.

இரவு ஒரு கிராமத்து வீட்டில் தங்கினோம். ஆண்டாலிமான் என்னும் காட்டு மிளகு சேர்த்த மீன் குழம்பு பரிமாறினார்கள்; நாக்கு மரத்துப்போய், பின்பு எலுமிச்சை வாசம் எழுகிறது. காரத்துக்கு அஞ்சாத நாங்களும் இரண்டாம் கவளத்தில் நிதானித்தோம்.

13 ஜூலை, ஞாயிறு. சிடிஹோனி, பங்குருரான்

இறக்கம் நீண்டது, ஆனால் எளியது. வழியில் சிடிஹோனி என்னும் சிறு ஏரி: ஏரிக்குள் தீவு, அந்தத் தீவுக்குள் ஏரி. எருமைகள் மேயும் அமைதியான இடம். ஒரு மணி நேரம் போதும். மாலையில் பங்குருரானை அடைந்து, வெந்நீர் ஊற்றில் கால்களை நனைத்தோம். சமோசிர் ஒரு காலத்தில் இங்கு ஒரு குறுகிய நிலத்தால் கரையோடு ஒட்டியிருந்தது. டச்சுக்காரர்கள் கால்வாய் வெட்டிய பிறகே அது முழுத் தீவாயிற்று.

14 ஜூலை, திங்கள். புசுக் புகித்

2,000 மீட்டருக்குச் சற்றே தாழ்ந்த இந்த மலை, பெருவெடிப்புக்குப் பின் அதே பள்ளத்தின் விளிம்பில் வளர்ந்த எரிமலை. அடிவாரத்தில் கந்தகம் வெளுத்த சரிவுகள் தெரிகின்றன. நேற்றைய வெந்நீருக்கும் அதுவே அடுப்பு. இவ்வட்டாரத்துப் பாத்தாக் மக்கள் தங்கள் முதல் மூதாதை இங்கு இறங்கி, அடிவாரத்துச் சியாஞ்சூர் மூலா-மூலாவில் குடியேறினார் என்று நம்புகிறார்கள். வழிகாட்டி எங்களை உரக்கப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பழனியிலும் பினாங்கின் தண்ணீர்மலையிலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பழகிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையிருக்கவில்லை. வாகனம் வெகுதூரம் ஏறிவிடுவதால் கால்களுக்கு வேலை குறைவு. அதற்கு மேல் புல்லும் கல்லும்தான். உச்சியிலிருந்து பார்க்கையில் தேலே பக்கத்து மலைத்தொடர் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டதுபோல் நீள்கிறது. அதுதான் பள்ளத்தின் மேற்கு விளிம்பு. 2020இல் யுனெஸ்கோ தோபாவின் எரிமலைப் பள்ளத்தை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்ததன் பொருள் இந்த ஒரு பார்வையில் அடங்கிவிடுகிறது. படம்பிடிக்கும் மேடைகள் பலவற்றில் நீலத் தண்ணீர்தான் தெரியும், பள்ளம் தெரியாது.

26 ஜூலை, சனி. லெங்கோங்

சார் விடவில்லை, எல்லோரையும் வேனில் ஏற்றிப் பேராக்கிலுள்ள லெங்கோங் பள்ளத்தாக்குக்கு அழைத்து வந்துவிட்டார். தோபாவிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள கோத்தா தம்பானில், பழங்கற்கால மனிதர்கள் கல்லுடைத்துக் கருவி செய்த பட்டறை ஒன்று தோபாவின் சாம்பலோடு சேர்ந்து கிடைத்தது. சாம்பல் பொழிந்ததால் அவர்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள் என்பது அகழாய்வு செய்தோரின் விளக்கம். 2012இல் இப்பள்ளத்தாக்கு உலக மரபுரிமைத் தளமாயிற்று. இதே சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்திலும் படிந்திருக்கிறது. அங்கே சாம்பலுக்குக் கீழும் மேலும் கிடைத்த கருவிகள் பெரிதும் ஒத்திருப்பதால், அந்த வெடிப்பு மனித இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது என்ற பழைய கருத்தைப் பலரும் இப்போது ஐயத்தோடு பார்க்கிறார்கள். எனக்கும் அந்த ஐயமே சரியாகப் படுகிறது.

திரும்பும் வழியில் அடுத்த பயணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தோங்கிங் பக்கம், 120 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சிபிசோ-பிசோ அருவியில் தொடங்கி வடகரை வழியாக நடப்பது என்பது என் யோசனை. தேலே விளிம்பிலிருந்து கீழே இறங்குவதே சிறந்தது என்பது சாரின் பிடிவாதம். அவருடைய முட்டியின் கருத்தையும் கேட்டு முடிவு செய்யலாம் என்று அத்தை மகள் சொன்னாள்.