முதலில் துவக்கைப் பாரும், தம்பி

அப்படியொரு குளிரை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் இரவுத் தபால் வண்டி ஏறி, பொல்காவலையில் இறங்கி, மலைநாட்டு வண்டிக்கு மாறி, பட்டிப்பொலையும் ஹப்புத்தளையும் கடந்து தியத்தலாவையில் கால் வைத்தபோது பல்லோடு பல் அடித்தது. எங்கள் கல்லூரிக் கடேற் அணியில் (மாணவர் படையணியில்) பெரும்பாலானோரிடம் ஒரே ஒரு கம்பளிச் சட்டைதான் இருந்தது, அதுவும் அண்ணன்மாருடையது. 1968ஆம் ஆண்டின் வருடாந்தப் பாசறை அது. எனக்குப் பதினாறு வயது.

நம் சங்க மலர்க் குழுவினர் நினைவுக் கட்டுரை கேட்டதும் எங்கள் கடேற் மாஸ்டரின் முகம்தான் முன்னால் வந்தது. வகுப்பில் புவியியல் படிப்பித்தவர். மாலையில் எங்களுக்குக் குறிபார்க்கப் பழக்கியவர். துவக்கு, அதாவது துப்பாக்கி, என்ற சொல் பின்னாளில் எங்கள் மண்ணுக்கு எவ்வளவு கண்ணீரைக் கொண்டுவந்தது என்று இந்த மலரைப் படிக்கும் எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுதப்போவது அதற்கு முந்திய காலத்துத் துவக்கைப் பற்றி. கடதாசி இலக்கைத் தவிர வேறெதற்கும் நேரே அதை நாங்கள் உயர்த்தியதில்லை.

கல்லூரியில் எங்களிடம் இருந்தவை .22 துவக்குகள், அதாவது .22 அங்குலக் குழல் கொண்ட சிறிய துவக்குகள். தோட்டாவைக் கண்ணால் காண்பதற்கே எத்தனையோ வாரங்கள் ஆகும். அதுவரை சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, வெறும் துவக்கை வைத்துப் பழக வேண்டும். மாஸ்டர் காற்சட்டைப் பையிலிருந்து ஐந்து சதக் காசு ஒன்றை எடுப்பார். அந்தக் காலத்து ஐந்து சதம் சதுரமானது என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதை முன்குறிக்கு (குழல் நுனியில் குறிபார்க்க நிற்கும் முளைக்கு) சற்றுப் பின்னால் குழலின்மேல் மெல்ல வைப்பார். நாங்கள் விசைவில்லை (சுடுவதற்கு விரலால் அழுத்தும் விசையை) அழுத்த வேண்டும், காசு விழக்கூடாது. விழுந்தால் எழுந்துபோய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான். முதல் வாரத்தில் யாரும் தப்பவில்லை. விசைவில்லை நாங்கள் "இழுத்தோம்". அவரோ எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் அழுத்தச் சொன்னார். விரலின் நுனிச் சதை மட்டும் பின்னோக்கி வரவேண்டும், உள்ளங்கையும் தோளும் அதை அறியவே கூடாது என்பார். காசு விழாமல் பத்துத் தடவை அழுத்தியவனுக்குத்தான் தோட்டா.

தியத்தலாவையில் காலை ஆறு மணிக்கே எங்களைக் கூடாரத்துக்கு வெளியே படுக்க வைத்தார். அங்கே மலைச்சரிவில் வெள்ளையாக ஒரு நரி உருவம் தெரியும். 'பொக்ஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் அமைத்தது என்று சொல்வார்கள். மலைக்கும் அதனாலேயே அந்தப் பெயர். மாஸ்டர் அந்த நரியையே எங்களுக்குப் பாடமாக்கினார். "நரியைக் குறிபாரும். இப்போது என்ன தெளிவாகத் தெரிகிறது?" என்று கேட்டார். "நரி, சேர்" என்றேன். "அதுதான் பிழை. முன்குறியின் விளிம்பு கத்திபோலத் தெரியவேண்டும். நரி மங்கினால் மங்கட்டும்" என்றார். கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். இலக்கு சற்று மங்கினால் பெரிய நட்டமில்லை. முன்குறி மங்கி ஒரு மில்லிமீற்றர் விலகிவிட்டால், 200 யார் (கெஜம்) தூரத்தில் சன்னம் (பாய்ந்து செல்லும் குண்டு) ஓர் அடிக்கும் அப்பால் போய்விடும். பின்குறிக்கும் முன்குறிக்கும் இடைவெளி அரை மீற்றர்கூட இல்லாத துவக்கில் கணக்கு அப்படித்தான் வரும். புவியியல் மாஸ்டர் அல்லவா, வரைபடத்தின் அளவுத்திட்டம்போலவே இதையும் நிலத்தில் கோடு கீறி விளக்கினார்.

இன்னொன்றையும் அங்கேதான் பழக்கினார். குறிபார்த்தபின் கண்ணை மூடி, இரண்டு மூச்சு இழுத்துவிட்டு, மறுபடி கண்ணைத் திறக்க வேண்டும். குறி இடப்பக்கமோ வலப்பக்கமோ போயிருந்தால் கையால் துவக்கைத் தள்ளித் திருத்தக்கூடாது. இடுப்பை நகர்த்தி, முழு உடம்பையும் இலக்குக்கு நேராக்க வேண்டும். கையால் தள்ளித் திருத்தினால், வெடிக்கும் கணத்தில் தசை தளர்ந்து துவக்கு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பாதி மூச்சை வெளியே விட்டு, அந்த அமைதியிலேயே அழுத்திவிட வேண்டும். எட்டுப் பத்து விநாடிக்குமேல் மூச்சை அடக்கினால் கண் மங்கத் தொடங்கும். அப்போது விட்டுவிட்டு மறுபடி தொடங்குவதே சரி.

இவ்வளவும் பழகியபின் இலக்குத் திடலுக்குப் போனோம். அங்கே கையில் கிடைத்தது இராணுவத்தின் .303 லீ என்பீல்ட் என்ற பிரித்தானியத் துவக்கு. .22 தோட்டாவின் ஈயம் 40 கிறேன் (கிறேன் என்பது சன்னத்தின் சிறிய எடை அளவு). இதன் சன்னமோ 174 கிறேன். தோளில் இடிப்பது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் நாள் 100 யாரில் ஐந்து வெடி. ஐந்தும் ஒரு கொத்தாக விழவேண்டும். இலக்கின் நடுவில் விழுந்ததா என்பது அன்று கணக்கில்லை. என் ஐந்தும் பலகை முழுவதும் சிதறிக் கிடந்தன. ஒன்றுக்கு, இலக்குக் குழியிலிருந்து கொடி அசைந்தது: பலகையிலேயே படவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சேர், என் கை நடுங்குகிறது" என்றேன்.

மாஸ்டர் என் பக்கத்தில் முழங்காலிட்டார். "கையைப் பிறகு பார்ப்போம். முதலில் துவக்கைப் பாரும், தம்பி" என்றார். அதே துவக்கை, எங்கள் அணியில் மிக நன்றாகக் குறிபார்ப்பவனிடம் கொடுத்தார். அவன் வைத்த ஐந்தும் சிதறின. உடனே சுடுவதை நிறுத்தி, தோட்டா உள்ளே இல்லை என்று தானே பார்த்து உறுதிசெய்துகொண்டு, துவக்கைத் தலைகீழாகப் புரட்டினார். விசைவில் காப்பின் முன்புறத்தில் ஒரு பெரிய திருகாணி உண்டு. மர முன்கட்டையை இரும்போடு இறுக்கிப் பிடித்திருப்பது அதுதான். அவர் முன்கட்டையைப் பிடித்து அசைத்தபோது நூலளவு ஆடியது. அந்த நூலளவை எனக்கு விரலால் தொட்டுக் காட்டினார். லீ என்பீல்டில் குழல் மரத்தின்மேல் எப்படி அமர்ந்திருக்கிறதோ அப்படித்தான் அது அதிரும். திருகாணி தளர்ந்தால், மரம் ஈரத்தில் ஊதினால், ஒவ்வொரு வெடிக்கும் குழல் வெவ்வேறு விதமாய் அதிரும். தியத்தலாவை மூடுபனியில் மரம் ஈரம் குடிக்காமலா இருக்கும்? துவக்குத் திருத்தும் சார்ஜன்ட் வந்து இறுக்கினார். குழலுக்குள் எண்ணெய் தங்கியிருக்கிறதா என்று துணி விட்டு இழுத்துப் பார்த்தார்; முன்குறி இறுக்கமாக இருக்கிறதா என்று நகத்தால் தள்ளிப் பார்த்தார்.

மறுபடி படுத்தேன். இம்முறை கொத்து பாதியாகச் சுருங்கியது. ஆனால் இரண்டு துளைகள் மட்டும் கீழே இடப்பக்கம் விலகி நின்றன. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. துவக்கை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டா போட்டு, பூட்டித் தந்தார். குறிபார்த்து அழுத்தினேன். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. உள்ளே இருந்தது மருந்தில்லாத போலித் தோட்டா. வெடிக்காத துவக்கை என் தோள் முன்னால் தள்ளியிருந்தது. குழல் கீழே குனிந்துவிட்டது. அணி முழுவதும் அதைப் பார்த்தது. இடிக்குப் பயந்து, வெடிப்பதற்கு முன்பே நான் துவக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

"இப்போது கைக்கு வந்தோம்" என்றார். துவக்கின் குறை இருக்கும்வரை என் குறையைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று அன்று மாலை தேநீர் வேளையில் சொன்னார். இரண்டு குறையும் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும். திருகாணியை இறுக்கியபின்தான் பயம் தனியாய் வெளியே தெரிந்தது. இன்றுவரை எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் விளக்கியதில்லை. பொறியியல் படித்து நாற்பது வருடம் இயந்திரங்களோடு வேலை செய்தபோதும் இந்த வரிசையை நான் மாற்றவில்லை.

கடைசி நாளில் என் கொத்து உள்ளங்கையளவு வந்தது. ஆனால் நடுவிலிருந்து வலப்பக்கம் தள்ளி. நான் வருந்தினேன், அவருக்கோ மகிழ்ச்சி. கொத்தாக விழுந்தால் சுடுபவனில் பிழையில்லை, முன்குறியைச் சற்று நகர்த்தினால் கொத்து முழுவதும் நடுவுக்கு வந்துவிடும். சிதறலை எந்தக் குறியும் திருத்தாது.

இங்கிலாந்து வந்தபின் சில வருடங்கள் துவக்கைத் தொடவில்லை. பிறகு குறிபார்த்துச் சுடும் ஒரு சிறிய சங்கத்தில் சேர்ந்தேன். 25 யாரில் படுத்துச் சுடுவது. ஒரே அட்டையில் பத்து வட்டம், வட்டத்துக்கு ஒரு வெடி, மொத்தம் 100 புள்ளி. பிஸ்லி மைதானத்தில் 1,000 யார் போட்டியையும் போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே காற்றுக் கொடிகளைப் படிப்பதே தனிக்கலை, எனக்கு வாய்க்கவில்லை. என் மனம் 25 யாரிலேயே நின்றுவிட்டது. .22 சன்னம் விநாடிக்கு 330 மீற்றர் அளவில் போவது. குழலைக் கடக்கவே விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு எடுக்கும். அதற்குள் தலையைத் தூக்கிப் பார்த்தால் காரியம் கெட்டது. வெடித்தபின்னும் இரண்டு எண்ணும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். தோட்டாவையும் தொகுதி மாற்றாமல் வாங்குகிறேன். ஒரே பெயர்கொண்ட தோட்டா என்றாலும் தொகுதிக்குத் தொகுதி கொத்து மாறும். திருகாணிகளில் வெள்ளை மையால் கோடிட்டு வைத்திருக்கிறேன். கோடு விலகியிருந்தால் அன்று முதலில் திருகாணி, பிறகுதான் தோட்டா.

மாஸ்டருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் முன் எங்கள் இலக்கின் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரிய பையன்களான எங்களுக்கு அது வெட்கமாக இருக்கும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான மத்தியூ எமன்ஸ், இரவல் துவக்கால் 50 மீற்றர் படுநிலைப் போட்டியில் தங்கம் வென்றவர், அடுத்து மூன்று நிலைப் போட்டியின் இறுதி வெடிவரை முன்னிலையில் இருந்தார். அந்தக் கடைசி வெடியைப் பக்கத்துக்காரரின் இலக்கில் வைத்துவிட்டார். அவர் கணக்கில் பூச்சியம், எட்டாம் இடம். அந்தச் செய்தியைப் படித்த இரவு, "நாலாம் இலக்கு, சேர்!" என்று எங்கள் வரிசை கத்திய சத்தம் என் காதில் கேட்டது.

சங்கத்தின் கோடை ஒன்றுகூடலில் சிலர் தங்கள் பிள்ளைகளுக்குக் குறிபார்க்கப் பழக்க முடியுமா என்று கேட்டீர்கள். நான் சுடப்போகும் சங்கத்தில் விருந்தினர் நாள் உண்டு, அழைத்து வாருங்கள். முழங்கைக்குத் தடித்த துணியுள்ள மேற்சட்டை ஒன்றும் கொண்டுவாருங்கள். முதல் அரைமணி நேரம் தோட்டா கிடையாது. ஐந்து சதக் காசு என்னிடம் இருக்கிறது.