தழும்பா, மிச்சக் கட்டியா?

மலக்குடல் புற்றுநோய் உறுதியாகி, சிகிச்சை தொடங்கும் முன் எம்.ஆர்.ஐ. எடுக்க வருகிறவர்களில் பலர், கருவிக்குள் படுப்பதற்கு முன்பே என்னிடம் கேட்டுவிடும் கேள்வி, "இந்த மருந்துக்கு என் கட்டி கேட்குமா டாக்டர்?" என்பதுதான். கட்டி ஆசனவாய்க்கு அருகில் இருந்தால், அறுவையில் மலத்தை அடக்கும் தசையும் சேர்ந்து போய், வாழ்நாள் முழுவதும் வயிற்றில் பையோடு இருக்க நேருமோ என்ற அச்சமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. படம் பார்த்துச் சொல்வதே தொழிலாகக் கொண்ட எனக்கு, அதற்குப் பொய்யில்லாமல் பதில் சொல்வது இன்றும் எளிதாக இல்லை.

முதலில் கதிர்வீச்சும் கீமோதெரபியும் கொடுத்து, சில வாரங்கள் காத்திருந்து, பிறகு அறுவை செய்வதே நெடுநாளைய வழக்கம். அப்படி எடுத்த மலக்குடலை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, 100 பேரில் ஏறத்தாழ 15 முதல் 20 பேருக்கு ஒரு புற்றுச் செல்கூட மிஞ்சியிருப்பதில்லை. நோய் போய்விட்ட உறுப்பை எதற்காக எடுத்தோம் என்ற உறுத்தலுக்கு விடை தேடியவர்களில் முன்னோடி, பிரேசிலின் சாவோ பாலோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஏஞ்சலிட்டா ஹாபர்-காமா. சிகிச்சை பெற்ற 265 பேரில், கட்டி முற்றிலும் மறைந்ததாகத் தெரிந்த 71 பேரை அறுக்காமல் கண்காணித்து வந்த அனுபவத்தை அவர் 2004இல் வெளியிட்டார். கீமோதெரபியின் பெரும்பகுதியை அறுவைக்கு முன்பே கொடுத்துவிடும் இன்றைய முறையில் இத்தகையோரின் பங்கு இன்னும் கூடியிருக்கிறது. பிரான்சில் நடந்த பிராடீஜ் 23 ஆய்வில் அது 12 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாக உயர்ந்தது. யாருக்குக் கட்டி மறைந்திருக்கிறது என்பதை வெட்டிப் பார்க்காமலே அறிய வேண்டியிருப்பதால், படத்தின் மீது விழும் சுமையும் கூடிவிட்டது.

சிகிச்சைக்கு முன் எடுத்த டி2 படத்தில் (எம்.ஆர்.ஐ.யில் திசுக்களின் அமைப்பைக் காட்டும் ஒரு வகைப் படம்) கட்டி நடுத்தரச் சாம்பல் நிறத்தில், குடல் சுவரைப் புடைத்துக்கொண்டு தெரியும். சிகிச்சைக்குப் பின் அதே இடத்தில் மெல்லிய கரும்பட்டை மட்டும் இருந்தால் அது நார்த்திசு, அதாவது தழும்பு. அந்தக் கருமைக்குள் சாம்பல் திட்டு ஒன்று ஒளிந்திருந்தால் கட்டி மிச்சமிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். வெகு அடர்த்தியான தழும்புக்குள் சில செல்கள் மட்டும் உயிரோடு இருந்தால், எத்தனை பழகிய கண்ணுக்கும் அவை தெரிவதில்லை. அங்கேதான், திசுவுக்குள் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் படம் கைகொடுக்கிறது. செல்கள் நெருக்கமாக இருக்கும் கட்டியில் நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடியாது. அந்த இடம் டிஃப்யூஷன் படத்தில் வெளிச்சமாகவும், அந்த நகர்வை அளவாக மாற்றிக் காட்டும் ஏ.டி.சி. வரைபடத்தில் இருட்டாகவும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை தழும்பின் ஓரத்தில் வெளிச்சப் புள்ளி ஒன்றைக் கண்டு, மிச்சக் கட்டி என்றே எழுத முற்பட்டேன். பிறகு மலக்குடலுக்குள் காற்று நிறைந்திருப்பதைக் கவனித்து, சிறிய எனிமா கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னபோது, புள்ளி இருந்த சுவடே இல்லை. காற்று செய்த அந்தக் கோளாறை நம்பி எழுதியிருந்தால் ஒருவர் தேவையில்லாமல் மலக்குடலை இழந்திருப்பார் என்ற எண்ணம் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை.

இவையெல்லாம் கட்டி கேட்டதா என்பதற்கான பதில்கள். நோயாளி கேட்டதோ, கேட்குமா என்று. சிகிச்சைக்கு முந்தைய படத்தில் கட்டியின் ஆழத்தையும், சுற்றியுள்ள கொழுப்பின் எல்லைச் சவ்வுக்கு அது எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதையும், இரத்தக் குழாய்க்குள் இறங்கியிருக்கிறதா என்பதையும் உறுதியோடு சொல்ல முடிகிறது. மருந்துக்கு அது எப்படி இணங்கும் என்பதை அதே உறுதியோடு சொல்ல முடிவதில்லை. முந்தைய ஏ.டி.சி. அளவை மட்டும் கொண்டு கணிக்க முயன்ற ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கண்ணுக்குப் புலப்படாத நூற்றுக்கணக்கான நுட்ப அளவுகளைப் படத்திலிருந்து கணினி எடுத்துக் கணிக்கும் ரேடியோமிக்ஸ் முறை மீது எனக்கு உண்மையான நம்பிக்கை உண்டு. ஆனால் கருவி மாறினால், அதன் காந்த வலிமை 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லாவுக்குப் போனால், கட்டியின் ஓரத்தை வேறொருவர் வரைந்தால், அந்த அளவுகளும் மாறிவிடுகின்றன; ஓர் இடத்தில் நன்றாகக் கணித்த மாதிரி இன்னோர் இடத்தில் தடுமாறுவது அதனால்தான். அப்படிப்பட்ட எண்ணை ஒரு நோயாளியின் முன் தீர்ப்பாக வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

படத்துக்கே எட்டாத விடைகளும் உண்டு. மரபணுப் பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதான கட்டிகள் ஒரு சிறு பங்கு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய கட்டியோடு வந்து, டோஸ்டார்லிமாப் என்ற, உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தை முழுமையாகப் பெற்ற முதல் 12 பேருக்கும் கட்டி முற்றிலும் மறைந்தது. அந்தப் பழுதை உறுதிசெய்ய பயாப்ஸி திசுவைத்தான் சோதிக்க வேண்டும்.

ஆகவே, "இப்போது தெரியாது, சிகிச்சை முடிந்து எடுக்கும் படத்தில் இருவரும் பார்ப்போம்" என்றே அவர்களிடம் சொல்கிறேன். அந்தப் படமும் தனியாக முடிவு செய்வதில்லை. மருத்துவரின் விரல் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் அதோடு ஒத்துப்போக வேண்டும். மூன்றும் ஒத்து, அறுவையைத் தள்ளிவைத்தவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கட்டி மீண்டும் முளைக்கிறது, அதுவும் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளில், குடல் சுவரிலேயே. அந்தக் காலத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை அவர்கள் மீண்டும் என் அறைக்கு வருவார்கள். பழைய படங்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.