ஏசிஎல் அறுவை: எந்த கிராஃப்ட், யாருக்கு?

முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் தசைநார் அறுந்தால், வேறொரு நாணை எடுத்து அங்கே பொருத்துகிறோம்; அதுதான் கிராஃப்ட். "எது ரொம்ப பலம்?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான்கு மடிப்பு ஹாம்ஸ்ட்ரிங்கும் (தொடையின் பின்பக்க நாண்) சரி, 10 மி.மீ. அகலப் பட்டெல்லா நாணும் (முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ளது) சரி, எடுத்த அன்று இயல்பான ஏசிஎல்லைவிடக் கூடுதல் இழுவிசை தாங்கும். கேட்கவேண்டியது, எடுத்த இடத்தில் என்ன குறை விழும், அது உங்கள் வேலைக்கும் ஆட்டத்துக்கும் ஒத்துவருமா என்பதைத்தான்.

பட்டெல்லா நாணின் இரு முனையிலும் 20–25 மி.மீ. எலும்புத் துண்டு இருக்கும். எலும்போடு எலும்பு 6–8 வாரத்தில் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது சட்டெனத் திசைமாறும் இளம் ஆட்டக்காரர்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். நாளெல்லாம் மண்டியிட்டு வேலை செய்பவருக்கு வேண்டாம், முட்டியின் முன்பக்க வலி விடாது. எலும்புத் துண்டை அறுக்கும் ரம்பம் ஆழமாக இறங்கினால் முழங்கால் சில்லு பின்னாளில் முறியவும் கூடும்.

ஹாம்ஸ்ட்ரிங்கில் முன்பக்க வலி குறைவு. ஆனால் எடுப்பதில் கவனம் வேண்டும். ஹாம்ஸ்ட்ரிங் நாண்களில் ஒன்றான செமிடெண்டினோசஸிலிருந்து கெண்டைக்கால் தசைக்குப் போகும் கிளைப்பட்டைகளை முதலில் அறுத்துவிட வேண்டும். நாணை இழுத்துப் பாருங்கள்: கெண்டைக்கால் தோல் குழி விழுந்தால் பட்டை இன்னும் மிச்சம் இருக்கிறது. அப்படியே ஸ்ட்ரிப்பரை (நாணை உரித்தெடுக்கும் கருவி) தள்ளினால் அது வழி தவறி நாணைப் பாதியில் வெட்டிவிடும். மடித்தபின் அளவுக் கட்டையில் விட்டம் பார்க்கும்போது 8 மி.மீ.க்குக் குறைந்தால் மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது ஐந்து, ஆறு மடிப்பாக்குவது நல்லது. முட்டிக்குக் கீழே தோல் மரத்துப்போகலாம் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

குவாட்ரிசெப்ஸ் நாண் (தொடையின் முன்பக்கத் தசையுடையது) தடிமனானது, அளவு ஏமாற்றாது. தொடை வலு திரும்பத்தான் நாளாகும்.

இன்னொருவர் உடலிலிருந்து வரும் கொடையாளர் நாணில், நோயாளிக்கு எடுத்த காயமே இல்லை. ஆனாலும் இளம் வயதினருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம், அவர்களிடம் அது அறுவது அதிகம். கிருமி நீக்க அதிக அளவு காமா கதிர் பட்ட நாண் இன்னும் மோசம். பல தசைநார்கள் ஒன்றாக அறுந்த முட்டிக்கு அதுவே கைகொடுக்கும்.

எதை எடுத்தாலும், பொருத்தும்வரை 100 மி.லி. உப்புநீரில் 500 மி.கி. வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்து நனைத்த துணியில் சுற்றி வையுங்கள், கிருமித் தொற்று வெகுவாகக் குறைகிறது.

மூன்றாம் மாதத்தில் வலி போய்விடும். ஆனால் உள்ளே கிராஃப்டின் பழைய செல்கள் மடிந்து புது ரத்தக்குழாய்கள் நுழையும், நலிவான காலம் அது. 9 மாதம் முடிந்து, தொடை வலு மறுகாலின் வலுவில் 90 சதவீதத்தையாவது தொட்ட பிறகே ஆட்டக்களம்.