கால்மிதி மெஷினில குளிர்த்தி நோட்டீஸ்

நான் எடுத்த பழைய அச்சு மெஷின்ட மை பூசுற ரோலர் பிரச்சினை ஒருவழியா முடிஞ்சிது, அதுதான் இப்ப எழுதுறன்.

மெஷின் வந்த கதை தெரியாதவங்களுக்கு: களுவாஞ்சிக்குடிப் பக்கம் கனகாலமா மூடிக்கிடந்த ஒரு அச்சகத்தில இருந்து பழைய இரும்பு விலைக்கு எடுத்த கால்மிதி ட்ரெடில், காலால மிதிச்சு ஓட்டுற அச்சு மெஷின், அதோட மரப்பெட்டி பெட்டியாத் தமிழ் ஈய எழுத்து. கடல்காத்தில சக்கரம் இறுகிப்போய்க் கிடந்தது, மண்ணெண்ணெயும் டீசலும் விட்டு ஊறவைக்க மெல்ல மெல்ல அசைஞ்சிது. ரோலர்தான் சரிவரல்ல. அந்தக்காலத்து ரோலர் வச்சிரப்பசையும் கிளிசரினும் காய்ச்சி வார்க்கிறது, நம்மட சித்திரை வெயிலுக்கு அது உருகி ஒரு பக்கம் வழிஞ்சு போயிருந்தது. அக்கரைப்பற்றில அரிசி ஆலை வச்சிருக்கிற கூட்டாளி நெல்லுக் குத்துற ரப்பர் ரோலரக் கடைஞ்சு போடு எண்டான். கேக்க நல்லாத்தான் இருந்திச்சு, ஆனா அந்த ரப்பர் ஷோர் எண்ட கடினக் கணக்கில 90 கிட்ட வரும், அச்சு ரோலருக்கு 30 சொச்சம் போதும், கல்ல உருட்டி மை பூசினாப்போலதான் இருக்கும். கடைசியா கொழும்புக்கு அனுப்பி மெத்து ரப்பர் சுத்தி எடுத்தன். காசு மெஷின் விலையத் தாண்டிட்டு, அதப் பத்திப் பேச வேணாம்.

எழுத்தில வெள்ளையாப் பூத்திருந்தது. ஈரத்தில ஈயம் அப்பிடித்தான் ஆகும், அது நஞ்சு, ஊதித் தட்டாம மாஸ்க் கையுறை போட்டுத்தான் துடைச்சன். வீட்டுப் பிள்ளைகள அந்தப் பக்கம் விடுறதில்ல.

முதல் வேலையா எங்கட ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்தி (அம்மனைக் குளிரவைக்கிற சடங்கு) நோட்டீஸ். ஸ்டிக்க, அதாவது எழுத்துக் கோர்க்கிற சின்னத் தட்ட, இடக்கையில பிடிச்சு, எழுத்துத் தலைகீழா, எழுத்தின்ட உடம்பில இருக்கிற வெட்டு மேல பாத்தபடி, இடப்பக்கத்தில இருந்து அடுக்கிட்டுப் போகணும். கை பழகினதும் கண் தேவையில்ல, பெருவிரல் வெட்டத் தடவியே சொல்லிடும். ஆனா 'அம்மன்', 'ஆரம்பம்', 'அனைவரும்' எண்டு நோட்டீஸ் முழுக்க ம் ம் ம், பெட்டியில ம் தீர்ந்துபோச்சு! மறுகா என்ன, மேல்பாதிய அடிச்சு முடிச்சு, அந்த எழுத்த எடுத்துத்தான் கீழ்ப்பாதி கோர்த்தன்.

எழுத்தெல்லாம் பழைய வடிவம். 1978ல தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட முந்தின லை, ணை, னா, றா. 'மாலை 6 மணி' எண்டதில லைக்குத் தும்பிக்கை நிக்குது, பக்கத்து வீட்டு ஏ.எல். படிக்கிற பொடியன் "இதென்ன எழுத்தண்ணே" எண்டு கேட்டான். மாத்த மனசு வரல்ல, மாத்தவும் வேற எழுத்தில்ல.

தேய்ஞ்ச எழுத்துத்தான் பெரிய கரைச்சல். எழுத்தின்ட உயரம் 0.918 அங்குலம் இருக்கணும், ஒரு தலைமயிர் குறைஞ்சாலும் தாளில மங்கும். மங்கின இடத்துக்கு நேரா தாள் வைக்கிற தட்டில டிஷ்யூ கிழிச்சு ஒட்டி ஒட்டி, அடிச்சதவிட ஒட்டினதுதான் கூட.

கொழும்புப் பத்திரிகையில லைனோ (வரி வரியா ஈயம் வார்க்கிற மெஷின்) ஓட்டின மாமா ஒருத்தர் கிட்டத்தான் இருக்கார், வந்து பாத்துட்டுச் சிரிச்சார். "தம்பி, எனக்கு அடிச்சு முடிஞ்ச எழுத்தக் கலைச்சுத் திரும்பப் பெட்டியில போடுற வேலையே இருக்கல்ல, அது தானாத் தன்ட வீட்டுக்குப் போயிடும்." உண்மைதான். லைனோவில விசைக் கட்டைய அமத்தப் பித்தளை எழுத்து அச்சு ஒவ்வொண்டா விழுந்து வரிசையாகும், சொல்லுக்கு நடுவில நிக்கிற ஆப்பு மேல ஏறி வரிய இறுக்கும், 280 பாகை செல்சியஸ் கிட்டச் சூட்டில ஈயம் பாஞ்சு முழு வரியும் ஒரே கட்டியா வரும். வரி லூசா இருந்தா ஈயம் வெளிய தெறிக்கும், மாமாட முழங்கையில அதின்ட அடையாளம் இருக்கு. வார்த்து முடிய ஒரு கை அந்த அச்சுகளத் தூக்கிக்கொண்டு மேல போகும், ஒவ்வொண்டின்ட பல்லும் வேற வேற வெட்டு, தன்ட அறைக்கு நேரா வந்ததும் கழண்டு விழும். லைனோவக் கண்டுபிடிச்ச மெர்கன்தாலர் 1886ல நியூயோர்க்கில காட்டின வித்தையில எனக்கு ஆச்சரியம் வார்க்கிறதில்ல, இந்தக் கலைக்கிறதுதான்.

ஆனா அதில மொத்தம் 90 கட்டை, நம்மட எழுத்து 247, துண்டு துண்டாக்கித்தான் உள்ளுக்கு வைக்கணும், ஒரு எழுத்துப் பிழைச்சா முழு வரியும் திரும்ப வார்க்கணும். நோட்டீஸும் கலியாணக் காட்டும் அடிச்ச சின்ன அச்சுக்கூடத்துக்கு அது கட்டாது, பெட்டியும் ஸ்டிக்கும்தான் சரி. மாமா ஒத்துக்கொள்ளல்ல.

கோர்க்கிறது சந்தோசம், கலைக்கிறது சாவு. ராவு ராவா இருந்து ண எது ன எது எண்டு கண் பூத்துப்போகப் பெட்டிக்குள்ள போட்டு முடிச்சன். விடிய வெள்ளன கோயில் கணக்குப்பிள்ளை வந்து நிக்கார், நோட்டீஸ் பத்தாதாம், அதே மாதிரி இன்னும் 100 வேணுமாம்.