மாமாவின் பாமினிக் கோப்புகளும் லினக்ஸ் மின்டும்

மாமாவின் லப்டொப்பை விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றுவது ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்துத்தான் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடிக்குப் போனேன். இப்போது ஆறு வாரம் ஆகிவிட்டது. லினக்ஸ் நிறுவுவதற்கு ஒரு பின்னேரம் போனது. மிச்ச நாளெல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்குப் போனது.

மாமா ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். பதினைந்து வருடமாக ஊர் ஊராகப் போய், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடமும் கோயில்களில் பாடும் வயதானவர்களிடமும் கேட்டு, வசந்தன் பாட்டு, கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு நாளில் படிப்பவை, தாலாட்டு, ஒப்பாரி என்று தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் இன்று இல்லை. மொத்தம் 340 சொச்சம் வேர்ட் கோப்புகள், எல்லாமே பாமினி எழுத்துருவில். "இதுகள் போனா திருப்பி எழுத ஏலாது மனே" என்று அன்று காலையிலேயே இரண்டு தரம் சொன்னார். அதனால் முதல் வேலையாக எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தேன்.

லப்டொப் 2012ஆம் ஆண்டினது, ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இதில் இல்லை. ஆனால் திரை நல்லாக இருக்கிறது, விசைப்பலகை நல்லாக இருக்கிறது. அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22இன், பழைய கணினிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினேன். உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடியாகக் கொண்டது, 2029 வரை புதுப்பிப்பு வரும். வைஃபை மட்டும் முதலில் பிடிக்கவில்லை. போனை யூஎஸ்பியில் இணைத்து இணையம் எடுத்து, மின்டின் டிரைவர் மனேஜர் காட்டியதை நிறுவியதும் சரியானது. பிரிண்டர் தானாகவே வந்தது.

அப்புறம் வேர்டுக்குப் பதிலாக உள்ள லிப்ரே ஓபிஸில் மாமாவின் முதல் கோப்பைத் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். மாமாவின் முகம் அப்படியே வாடிவிட்டது. பாமினி எழுத்துருக் கோப்பை நிறுவியவுடன் தமிழ் திரும்பி வந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், மாமாவும் திருப்திதான். ஆனால் 'வெள்ளம்' வருகிற பாட்டு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேட்டார். தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவும் முடியாது, ஏனென்றால் அந்தக் கோப்புகளுக்குள் தமிழே இல்லை.

பாமினியில் 'இலங்கை' என்று அடித்தால் கணினி சேமிப்பது கமா, ஒய், க்யூ, அரைப்புள்ளி, ஐ, எஃப் என்ற ஆறு குறிகளைத்தான். கமா 'இ' போலவும் எஃப் 'க' போலவும் தெரிவது எழுத்துரு தருகிற தோற்றம். எழுத்துரு இல்லாத இடத்தில், மச்சாளின் போனிலோ இன்னும் இருபது வருடத்தில் வரப்போகிற ஒரு கருவியிலோ, அது வெறும் கமாதான். திறந்த மென்பொருளுக்கு மாறிவிட்டோம் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்க, மாமாவின் பதினைந்து வருட உழைப்பு ஓர் எழுத்துருக் கோப்புக்குள் பூட்டிக் கிடந்தது. இயங்குதளத்தை மாற்றினால் மட்டும் போதாது, எழுத்தையும் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவியும் ஒரே மாதிரிப் படிக்கும் எழுத்துக் குறியீட்டுமுறைக்கு, கொண்டுவர வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

பைத்தான் நிரல்மொழிக்கு 'ஓப்பன்-தமிழ்' என்ற கட்டற்ற நிரல்தொகுதி இருக்கிறது. பாமினியை யூனிகோடாக்கும் செயல்பாடு அதிலேயே உண்டு. வெறும் உரையைக் கொடுத்தால் நொடியில் மாற்றித் தருகிறது. என் சிக்கல் வேர்ட் கோப்பின் அமைப்பில் இருந்தது. வேர்டின் பழைய டொக் வடிவக் கோப்புகளை லிப்ரே ஓபிஸின் கட்டளைவரி வழியாக ஒரே மூச்சில் புதிய டொக்எக்ஸ் வடிவமாக்கிவிட்டு, அதற்குள் இருக்கும் உரைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றும் நிரல் எழுதினேன். எழுத்துரு பாமினி என்றிருந்தால் மட்டும் தொட வேண்டும், இல்லாவிட்டால் இடையில் வருகிற ஆங்கிலச் சொல்லெல்லாம் தமிழ்க் குப்பையாகிவிடும். சில துண்டுகளில் எழுத்துருப் பெயரே இல்லை, பத்தியின் பாணியிலிருந்து வாங்கிக்கொள்கின்றன. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிறு போனது.

இன்னொன்று, வேர்ட் ஒரே சொல்லை இரண்டு மூன்று துண்டாக உடைத்துச் சேமித்திருக்கும். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். கொம்பு ஒரு துண்டிலும் மெய் அடுத்த துண்டிலும் இருந்தால் கொம்பு அந்தரத்தில் தொங்கும். ஒரே வடிவமைப்புள்ள பக்கத்துத் துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டு மாற்றியபோது சரிவந்தது.

மாற்றி முடித்த முதல் கோப்பில் தலைப்பெல்லாம் சிறுத்துப்போயிருந்தன. ஆங்கில எழுத்துக்கு ஒரு அளவு, தமிழ் போன்ற சிக்கலான எழுத்து முறைகளுக்கு வேறொரு அளவு என்று டொக்எக்ஸ் தனித்தனியாக வைத்திருக்கிறது. தடிப்பும் எழுத்துருப் பெயரும் அப்படியே. பாமினி ஆங்கில வேடத்தில் இருந்ததால் அளவு ஆங்கிலப் பக்கத்தில்தான் பதிந்திருந்தது. அதைத் தமிழ்ப் பக்கத்துக்கும் பிரதிசெய்ய நிரலில் நாலு வரி சேர்த்தேன். எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழ் போட்டேன். மாமாவுக்கு அதன் 'ழ' பிடித்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் மாமா தேடிய அதே சொல்லில்தான் வந்தது. எழுத்து அட்டவணையை நான் கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தேன். மாற்றிய கோப்பில் 'வெள்ளம்' என்ற சொல் 'வௌ'வும் அதன் மேல் ஒரு புள்ளியுமாகக் கிடந்தது. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் 'ள' என்ற எழுத்துக்கும் ஒரே விசை. ஆகவே 'கௌரி'யில் வருவதும் 'வெள்ளம்', 'வெளி' ஆகியவற்றில் வருவதும் கணினிக்கு ஒன்றுதான். தமிழ் படித்தவர் கண்ணால் பார்த்துப் பிரித்துவிடுவார், நிரலுக்கு நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த 'ள'வுக்குப் பிறகு புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம், வேறு மெய் வந்தால் ஔகாரம் என்று விதி வைத்தேன். பேச்சு வழக்குப் பாட்டுகளை விதியை மட்டும் நம்பி விட முடியாது. அதனால் ஔகாரம் வந்த சொற்களையெல்லாம் தனியாகப் பட்டியலிட்டு மாமாவிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். இதோடு, ஒரு உயிர்க்குறிக்குப் பின்னால் உடனே இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அந்த வரியைக் காட்டும் சிறிய சோதனையையும் எழுதினேன். தமிழில் அப்படி ஓர் எழுத்து இல்லை என்பதால், வந்தால் நிச்சயம் பிழை. முதல் ஓட்டத்தில் 61 இடங்கள் அகப்பட்டன.

எழுத்துப்பிழை திருத்தியை நிறுத்தி வைத்திருக்கிறோம். பாடியவர் வாயில் வந்த சொல்லை அது சிவப்பில் அடிக்கோடிட்டுக் காட்டுவது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இனிமேல் புதிதாக எழுதுவதும் யூனிகோடில் இருக்க வேண்டுமே. லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் என்ற மென்பொருளும் அதற்கான எம்-17-என் பொதியும் நிறுவினால் தமிழுக்குப் பல விசைப்பலகைகள் வருகின்றன, இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் உண்டு. ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால்தான் வேலை செய்யும். தமிழ்99 விசைப்பலகை பழகச் சொல்லிப் பார்த்தேன், எழுபது வயதில் வேண்டாம் என்றார். ரெங்கநாதனில் முக்கிய எழுத்துகளின் இடம் அவர் விரலுக்குப் பழகியதாகவே இருந்தது. இரண்டாம் நாள் அரைப்பக்கம் அடித்துவிட்டார்.

நேற்று வரை 298 கோப்புகள் மாறிவிட்டன. மூலக் கோப்புகளை அழிக்கவில்லை, தனி அடைவில் அப்படியே இருக்கின்றன. தேடல் பெட்டியில் 'வெள்ளம்' என்று அடித்தோம். ஏழு பாட்டு வந்தது. அதில் ஒன்றை மாமா மறந்தே போயிருந்தார். திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பாடத் தொடங்கினார், மாமியும் அடுக்களையிலிருந்து வந்து நின்று கேட்டார்.

இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பதினொரு கோப்புகள் இருக்கின்றன, கோயில் மலர் ஒன்றுக்காக அச்சகத்தில் செய்தவை. லிப்ரே ஓபிஸோடு வரும் ட்ரோ என்ற செயலி பேஜ்மேக்கர் கோப்புகளையும் திறக்கும். அடுத்த சனிக்கிழமை அதில் ஒன்றோடு தொடங்குகிறேன்.