படிவத்தில் மூன்று பேர்

"உங்கள் கணவருக்கு முதல் திருமணத்தில் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டேன். "இல்லைக்கா" என்று உடனே பதில் வந்தது. பிறந்த தேதியைக் கேட்டால் சொல்வதுபோல் அவ்வளவு இயல்பாகச் சொன்னார். என் முன்னால் இருந்த ஐ-864 படிவத்தில் குடும்ப எண்ணிக்கை 3 என்று இருந்தது.

அந்தப் படிவம் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்கக் குடிமகன் வெளிநாட்டு மனைவியை அழைத்துக்கொள்ளும்போது, இவரைக் காப்பாற்ற எனக்கு வருமானம் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பத்திரம் அது. அந்நாட்டு வறுமைக்கோட்டில் 125 விழுக்காடாவது சம்பாதிக்க வேண்டும். கோடு எங்கே விழும் என்பது வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. கணவர் ஒன்று, போகப்போகும் மனைவி ஒன்று. அப்புறம் கணவருக்கு 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகள் இருந்தால் அவர்களும் சேர்த்தி. பிள்ளை வேறு ஊரில் தாயிடம் வளர்ந்தாலும் கணக்கில் வரும்.

இவர்களுக்குக் கல்யாணம் ஆகி ஓராண்டுதான். குழந்தை இல்லை. அப்படியிருக்க மூன்று.

எங்கள் அலுவலகத்தில் படிவங்களை நிரப்பிப் பார்ப்பது அமெரிக்காவில் இருக்கும் வழக்கறிஞர். இங்கே சிங்கப்பூரில் என் வேலை, கல்யாணம் உண்மையானது என்று காட்டும் சான்றுகளைச் சேர்ப்பது, வரிசைப்படுத்துவது, நேப்பியர் சாலையில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்கு நேர்காணலுக்குப் போகுமுன் ஒருமுறை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பழக்குவது. கட்டணம் கட்டியவர் நியூ ஜெர்சியில் இருந்த கணவர். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஈசூனில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த மனைவி. நான் யாருக்கு வேலை செய்தேன் என்று இப்போதும் சுற்றிச் சுற்றி யோசிக்கிறேன்.

சான்றுகளைப் பொறுத்தவரை அவரைக் குறை சொல்லவே முடியாது. எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆயிரம் படம் இருந்தாலும் அது ஒரு நாள்தான் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இவர் அப்படியில்லை. விமானச் சீட்டுகள், பணம் அனுப்பிய ரசீதுகள், ஒருவருக்கொருவர் காப்புறுதியில் பெயர் போட்ட தாள், மாதத்துக்குச் சில பக்கங்கள் என்று எடுத்த வாட்ஸ்அப் உரையாடல், எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். எங்களுக்கு இருந்த ஒரே கவலை வேறு. திருமணப் பதிவகத்தில் பதிந்தது ஒரு தேதி, கோவிலில் தாலி கட்டியது பல மாதம் கழித்து. இடையில் மாப்பிள்ளை சிங்கப்பூர் வந்தபோதும் தாலி ஏறாமல் ஒரே வீட்டில் தங்கக் கூடாது என்று பெண்ணின் அம்மா ஹோட்டலில் தங்கவைத்துவிட்டார். இங்கே இது எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் நடப்பதுதான். சட்டப்படி கணவன் மனைவியான இருவர் ஏன் தனித்தனியாகத் தங்கினார்கள் என்று ஓர் அமெரிக்க அதிகாரி கேட்டால் என்ன செய்வது? அதற்காக அம்மாவிடமே ஒரு கடிதம் எழுதி வாங்கினோம். சந்தேகம் வரக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கணவர் விவாகரத்தானவர் என்பது அவருக்குத் தெரியும். பதிவகத்தில் அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் பதிந்தார்கள். ஆனால் முத்திரை இருக்கும் பக்கத்தைப் பார்ப்பதும் முழுத் தீர்ப்பைப் படிப்பதும் ஒன்றல்லவே. நான் முழுதும் படித்திருந்தேன். படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பிள்ளைப் பராமரிப்புக்கு மாதந்தோறும் கட்ட வேண்டிய தொகை அதில் இருந்தது.

ஆகவே "இல்லைக்கா" என்று அவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தெரியாமல் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியிருந்தது. கேள்வியைக் கேட்குமுன்பே தோன்றியிருந்தது.

அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். போகவில்லை. "இதுல மூணுன்னு இருக்கும்மா" என்று தாளை அவர் பக்கம் திருப்பினேன். வெகுநேரம் பார்த்தார். "டைப் பண்ணும்போது தப்பா விழுந்திருக்குமா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியலைம்மா, அவர்கிட்டயே கேட்டுக்கோங்க" என்றேன். தூதரகச் சன்னலுக்கு முன்னால் நின்று தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லாதீர்கள் என எல்லாருக்கும் பாடம் நடத்துகிறவள் நான். இருந்தாலும் அந்த இடத்தில் வேறு என்ன சொல்வது? ஒரு பிள்ளை இருக்கிறது என்பதை அவருடைய கணவர் வாயால்தான் அவர் கேட்க வேண்டும். அந்த அளவுக்காவது நான் ஒதுங்கி நின்றேன் என்று சொல்லிக்கொள்கிறேன். தாளைத் திருப்பிக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பதாவது என்று மறுநாள் மனசு கேட்கும்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "நாளைக்கு நாங்க பிரிஞ்சிட்டா இந்தக் கையெழுத்து என்னக்கா ஆகும்?" என்று கேட்டார். விவாகரத்தானாலும் அந்தப் பொறுப்பு தீராது, நீங்கள் குடியுரிமை வாங்கும்வரை அல்லது ஏறத்தாழ பத்தாண்டு வேலைக்கணக்கு சேரும்வரை அவரைக் கட்டும், நிரந்தரவாசத்தை விட்டுவிட்டு அந்த நாட்டை விட்டே வந்தால்தான் முன்னதாக முடியும் என்று சொன்னேன். சரியான பதில்தான். யாரிடமும் அதைத்தான் சொல்வேன். தலையாட்டிவிட்டு, "சரி, அடுத்த கேள்வி கேளுங்க" என்றார். அடுத்த கேள்வி, விடுமுறை நாளில் கணவர் என்ன செய்வார் என்பது. கேட்டேன். சமைப்பார் என்றார்.

என் பக்கத்து மேசைக்காரர் இந்த வேலையில் என்னைவிட மூத்தவர். முதலில் கணவருக்குப் போன் போட்டு, இன்ன கேள்வி வரும், மனைவியிடம் பேசிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறார். சொல்லியிருக்கலாம். அவரும் அழகாக ஒரு கதை தயாரித்திருப்பார், அந்தப் பெண்ணும் நம்பியிருப்பார். தூதரக நேர்காணலுக்கு மனு போட்ட கணவர் வர வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே தனியாக நிற்கப்போகிறவர் இவர். கணவருக்கு முன்பு கல்யாணமாகியிருந்தால் பிள்ளை உண்டா என்று கேட்பது அதிகாரிக்கு வெகு சாதாரணம். மனைவிக்கே தெரியவில்லை என்றால் அதைவிடப் பெரிய சந்தேகம் வேறு வேண்டுமா? அங்கே தெரிவதைவிட இங்கே தெரிந்தது நல்லதுதான். இப்படிச் சொன்னால் மூத்தவர் மறுப்பதில்லை. "அதிகாரி கேட்பாருன்னு கேட்டியா, இந்தப் பொண்ணுக்குத் தெரியணும்னு கேட்டியா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். இரண்டும்தான் என்றேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

கணவரிடமிருந்து மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. குடும்ப விஷயங்களில் உங்கள் ஊழியர் தலையிட வேண்டாம் என்று இரண்டு வரி. படிவத்தில் மூன்று என்று எழுதியது அவர்தான், பொய்யில்லாமல். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அமெரிக்க அரசிடம் சொன்ன உண்மையை மனைவியிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நேர்காணல் சில நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். அம்மாவின் கடிதத்தை யாரும் தொடவில்லை. பிள்ளையைப் பற்றிக் கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "கிடைச்சிருச்சுக்கா" என்று ஒரு செய்தி, போவதற்குமுன் ஒரு பெட்டி லட்டு.

கல்யாணமாகி இரண்டாண்டு முடியாமல் போகிறவர்களுக்கு நிபந்தனையோடு இரண்டாண்டு நிரந்தரவாச அட்டைதான் தருவார்கள். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். மறுபடியும் சான்று, மறுபடியும் வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், படங்கள். சென்ற மாதம் அதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார். வேறு எதுவும் எழுதவில்லை. பட்டியலை அனுப்பினேன். கூடவே, விவாகரத்தானவர்கள் தனியாக அதே மனுவைப் போட வழி இருக்கிறது, கல்யாணம் மனமொப்பி நடந்தது என்று காட்டினால் போதும் என்று சொல்லும் இன்னொரு பட்டியலையும் அனுப்பினேன்.

"ரெண்டாவது எதுக்குக்கா?" என்று கேட்டார். எல்லாருக்கும் இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்புவோம் என்று பதில் போட்டேன். அப்படி நாங்கள் யாருக்கும் அனுப்பியதில்லை.