லிங்கேஜ் லோன்: பாஸ்புக்கை மட்டும் பார்த்துக் கணக்குப் போட விடாதீர்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கத்து எங்கள் அயல்கூட்டத்துக்கு (பெண்கள் சுய உதவிக் குழு) லிங்கேஜ் லோன், அதாவது கூட்டத்தின் பேரில் வங்கி தரும் கடன், வந்துவிட்டது. ஆனாலும் கோபம் ஆறவில்லை. கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்தில் அயல்கூட்டங்களுக்கு மேலே உள்ள உள்ளாட்சி அளவிலான அமைப்பு சி.டி.எஸ். அங்கே சான்றிதழ், கிரேடிங் (கூட்டத்தின் செயல்பாட்டுக்குத் தரம் போடுவது) எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தன. சிக்கல் முழுக்க வங்கி மேசையில்தான்.

முதல் இடி தொகையில் விழுந்தது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் (என்.ஆர்.எல்.எம்.) விதிப்படி முதல் கடன், கூட்டத்தின் மூலநிதியைப் போல 6 மடங்கு அல்லது 1.5 லட்சம், இதில் எது கூடுதலோ அது. மேசையில் இருந்தவர் பாஸ்புக்கின் கடைசி வரியில் இருந்த 38,000-ஐ ஆறால் பெருக்கி, 2,28,000 என்று எழுதிவிட்டார். கூட்டத்துக்குள்ளேயே கொடுத்த உள்கடனாக உறுப்பினர்களிடம் நின்ற 92,000 அவர் கணக்கிலேயே இல்லை. பணத்தைச் சுற்ற விடாமல் பாஸ்புக்கில் பூட்டி வைத்திருந்தால் கூடுதல் கடன் கிடைக்கும் என்றால், அது என்ன நியாயம்?

மூலநிதி என்பது சிக்கனம் (உறுப்பினர்களின் சேமிப்பு), உள்கடன் வட்டி, திட்டத்திலிருந்து வரும் சுழல்நிதி, இதர வரவு எல்லாம் சேர்ந்தது. எங்களுக்குச் சிக்கனம் 1,04,000, வட்டி 11,000, சுழல்நிதி 15,000, ஆக 1,30,000. ஆறு மடங்கு 7,80,000. இதை ஒரே தாளில் எழுதுங்கள். இடப்பக்கம் வந்த வழி, வலப்பக்கம் நிற்கும் இடம்: பாஸ்புக் இருப்பு, கைரொக்கம், பெயர்வாரியாக உள்கடன் நிலுவை. இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துப்போக வேண்டும். சி.டி.எஸ். அக்கவுண்டன்ட் கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்த பிறகுதான் எங்கள் தொகை திருத்தப்பட்டது.

அடுத்தது மினிட்ஸ் புத்தகம். நாம் தமிழில் எழுதுகிறோம், அதிகாரிக்கு வாசிக்கத் தெரியாது. 1969-ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தரும் உரிமை மாநில அரசு அலுவலகங்களோடு சரி; வங்கியில் அதைக் காட்டிப் பயனில்லை. கடன் கேட்கும் தீர்மானத்தை மட்டும் அதே பக்கத்தில் மலையாளத்திலும் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பொள்ளாச்சி, உடுமலையிலிருந்து கல்யாணமாகி வந்த அக்காமார் ஆதாரில் இன்னும் பிறந்த வீட்டு விலாசம்தான் இருக்கும். கடன் நேரத்தில் எல்லா உறுப்பினர்களுக்கும் கே.ஒய்.சி. (அடையாள, விலாசச் சரிபார்ப்பு) கேட்பார்கள். 'ஆதாரைத் திருத்திக்கொண்டு வா' என்று சொன்னால் ஓட வேண்டாம். கைரேகை வைத்து இ-கே.ஒய்.சி. செய்யும்போது இப்போதைய விலாசத்துக்குச் சுய உறுதிமொழி போதும். ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் பெயர் என்றிருந்தால் திருமணச் சான்றிதழ் நகல் வையுங்கள்.

ஓர் உறுப்பினரின் கணவருடைய பழைய டிராக்டர் கடன் பாக்கியைச் சொல்லி மொத்தக் கூட்டத்தையும் நிறுத்தப் பார்த்தார்கள். கூட்டம் தவணை தவறாதவரை, ஒரு உறுப்பினரோ அவர் வீட்டாரோ வைத்த பாக்கி கூட்டத்தின் கடனுக்குப் பொதுவாகத் தடையாகக் கூடாது. வேண்டுமென்றே கட்டாத உறுப்பினருக்கு அந்தக் கடனிலிருந்து பங்கு கிடையாது, அவ்வளவுதான். அந்த அக்கா அழுத அழுகை வீண்.

கடைசியில் சேமிப்புக் கணக்கை 'ஹோல்டு' போட வேண்டும் என்றார்கள். 20 லட்சம் வரை பிணையும் கூடாது, சேமிப்பைப் பிடித்து வைக்கவும் கூடாது. ரிசர்வ் வங்கி விதி அது. 'சரி சார், எழுத்தில் கொடுங்கள்' என்றதும் பேச்சு மாறியது. வாய்மொழியாக வரும் மறுப்பு எதற்கும் இதுதான் மருந்து. எழுதித் தர மறுத்தால் நீங்களே புகார் எழுதி, நகலில் தேதியோடு ரசீது முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கிகள் மேலான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

பணம் ஏறிய அன்றே பிடித்தங்களைப் பாருங்கள். ஆளுக்கு 50,000 வரைக்கும் விழும் கடனுக்குச் சேவைக் கட்டணம் கிடையாது. அந்த வரம்பு தலைக்குத்தான், கூட்டத்துக்கு அல்ல. கேட்காத இன்சூரன்ஸ் பிரீமியம் கழிந்திருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துத் திரும்பக் கேளுங்கள்.